தொழிற்சாலை திறந்தாயிற்று, வண்டி எங்கே?

மின்கார் பேட்டரியின் ஆயுள் பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயுளைப் பற்றிக் கேட்கவே இல்லை. புக் செய்த வண்டி ஏன் வரவில்லை, இவ்வளவு பெரிய தொழிற்சாலை கட்டியும் ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பிறகு ஒரகடத்திலும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்விகள் எனக்கு மிகவும் நெருக்கமானவை. அதனால் இந்த முறை எல்லாப் பக்கமும் அவற்றுக்கே.

மின்கார் ஒன்று புக் செய்து மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். ஷோரூமில் கேட்டால் "கம்பெனியில் பாட்டில்நெக் சார்" என்கிறார்கள். இது உண்மையா, சமாளிப்பா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்பவருக்கு எந்த இடத்தில் அடைப்பு என்று தெரிந்திருக்காது.

உங்கள் தெரு ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். அரிசி அளந்து போடுபவர் நிமிடத்துக்கு இரண்டு கார்டு முடித்துவிடுவார். கைரேகை வைக்கும் கருவியோ ஒரு கார்டுக்கு மூன்று நிமிடம் எடுக்கிறது. அப்படியானால் அந்தக் கடையின் வேகம் மூன்று நிமிடத்துக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். அளப்பதற்கு இன்னும் நான்கு பேரைப் போட்டாலும் வரிசை ஒரு அடிகூட வேகமாக நகராது. கார் தொழிற்சாலையில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் மிக மெதுவானது எதுவோ அதன் வேகம்தான் மொத்தத் தொழிற்சாலையின் வேகம். மற்ற இடங்களில் எவ்வளவு செலவு செய்தாலும் வெளியே வரும் கார் எண்ணிக்கை கூடாது.

நீங்கள் ஷோரூமில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தாமதம் நீங்கள் கேட்ட பேட்டரி அளவுக்கா, எல்லா வகைக்குமா? ஒரே காரில் பெரிய பேட்டரிக்கு ஒரு காத்திருப்பும் சிறிய பேட்டரிக்கு வேறொரு காத்திருப்பும் இருப்பது சாதாரணம். இரண்டாவது, உங்கள் பெயருக்குச் சேசிஸ் நம்பர் ஒதுக்கியாயிற்றா? ஒதுக்கவில்லை என்றால் அவர்கள் சொல்லும் தேதி வெறும் மதிப்பீடு. அதை நம்பிப் பழைய வண்டியை விற்றுவிடாதீர்கள்.

மின்காரில் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் கிட்டத்தட்ட இல்லை, சைலன்சர் இல்லை. பாகங்கள் குறைவு என்றால் தயாரிப்பது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?
– ஓசூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி

நல்ல கேள்வி. பல நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களும் இப்படித்தான் கணக்குப் போட்டன. அசையும் பாகங்கள் குறைந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கை காணாமல் போகவில்லை, பேட்டரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

2017இல் வந்த டெஸ்லா மாடல் 3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பேட்டரியில் 4,416 செல்கள். ஒவ்வொன்றும் 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளை. அதனால்தான் அதற்கு 2170 என்று பெயர். இந்தச் செல்களைச் சேர்த்து நான்கு மாட்யூல்கள், மாட்யூல்களைச் சேர்த்து ஒரு பேக். ஒவ்வொரு செல்லுக்கும் பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று என இரண்டு இணைப்பு. ஆக ஒரு காருக்கு 8,832 இணைப்புகள்.

இனி நீங்களே கணக்குப் போடுங்கள். பத்தாயிரம் இணைப்பில் ஒன்றுதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வெல்டிங் பிரிவும் பெருமைப்படக்கூடிய தரம் அது. அப்போதும் நூறு பேக்கில் கிட்டத்தட்ட 59 பேக்குகளில் குறைந்தது ஒரு தவறான இணைப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், பிரிக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், திரும்ப லைனில் ஏற்ற வேண்டும். ரீவொர்க் மேஜையில் குவியல் உயர்ந்துகொண்டே போகும்.

வேகத்தையும் பாருங்கள். டெஸ்லாவின் இலக்கு வாரத்துக்கு 5,000 கார். வாரம் முழுக்க ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார் வர வேண்டும். காருக்கு நான்கு மாட்யூல் என்றால் அரை நிமிடத்துக்கு ஒரு மாட்யூல். செல் கணக்கில் வாரத்துக்கு இரண்டு கோடியே இருபது லட்சம், அதாவது நொடிக்கு 36. எஞ்சின் தொழிற்சாலையில் இந்த எண்ணிக்கையை யாரும் பார்த்ததில்லை. இது மருந்து மாத்திரைத் தொழிற்சாலையின் வேகம். ஆனால் சேர்த்து முடித்த பொருளின் எடை 400 கிலோவுக்கும் மேல்.

நான் பம்ப்செட் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். டெஸ்லாவிடம் இல்லாத ரோபோவா? பணமா? அவர்களே மாடல் 3 காரில் ஏன் அப்படித் திணறினார்கள்?
– கோவை சிங்காநல்லூரிலிருந்து ஒரு பட்டறை உரிமையாளர்

ரோபோ அதிகம் இருந்ததும் ஒரு காரணம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கதையில் நம் பட்டறைகளுக்கும் விஷயம் இருக்கிறது.

2016இல் முன்பதிவு திறந்த ஒரு வாரத்தில் சுமார் 3,25,000 பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் கட்டினார்கள். 2017 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலையில் முதல் 30 கார்களைக் கையளித்தார்கள். அந்த நிகழ்ச்சியிலேயே டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க், இனி குறைந்தது ஆறு மாதம் உற்பத்தி நரகம்தான் என்று சொல்லிவிட்டார். ஆண்டு முடிவுக்குள் வாரம் 5,000 கார் என்பது திட்டம். ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,500 கார் வர வேண்டியிருந்தது, வந்தது 260. அடுத்த மூன்று மாதத்தில் 2,425. வாரத்துக்கு 5,000 வேண்டிய இடத்தில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து அதில் பாதிகூட இல்லை.

எல்லோரும் ஃபிரிமான்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அடைப்பு அங்கே இல்லை. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் நெவாடா பாலைவனத்தில் இருந்த கிகாஃபேக்டரி என்ற டெஸ்லாவின் பேட்டரி ஆலையில், மாட்யூல் கோக்கும் லைனில் இருந்தது. அந்த லைன் நான்கு பகுதிகள் கொண்டது. இரண்டாவது பகுதியின் இயந்திரங்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் பொறுப்பை எடுத்திருந்த வெளி ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துத் தரவில்லை என்றும், மென்பொருளை அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று என்றும் அந்த நவம்பரில் மஸ்க் முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஒரு லைனின் கால்வாசிப் பகுதி, அதிலும் கண்ணுக்குத் தெரியாத பிஎல்சி நிரல், அதாவது இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியின் மென்பொருள். அதற்காகப் பல லட்சம் பேர் காத்திருந்தார்கள். இடையில் பாதி கையாலும் பாதி இயந்திரத்தாலும் ஓடும் லைன்களை அமைத்துச் சமாளித்தார்கள். ஜெர்மனியில் புரூம் என்ற சிற்றூரில் டெஸ்லா வாங்கியிருந்த இயந்திர நிறுவனம் புதிய லைன் ஒன்றை அங்கேயே கட்டி ஓட்டிப் பார்த்தது. பிறகு அதைப் பிரித்து நெவாடாவுக்கு அனுப்பினார்கள்.

ஃபிரிமான்டிலும் வேறு வகைச் சிக்கல். பாகங்களைத் தானே எடுத்துக்கொண்டு போகும் கன்வேயர் வலை ஒன்றை மிகச் சிக்கலாகப் போட்டிருந்தார்கள். அது சரியாக ஓடவே இல்லை, கழற்றிப் போட்டார்கள். ரோபோக்கள் எங்கே சிக்கல் தரும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ரோபோ நூறு மணி நேரத்தில் 99 மணி நேரம் சரியாக ஓடுகிறது என்றால் நல்ல ரோபோதான். ஆனால் இடையில் இருப்பு வைக்க இடமே விடாமல் 50 ரோபோக்களை வரிசையாக நிறுத்தினால் லைன் ஓடும் நேரம் 60 மணிதான். ஒன்று நின்றால் ஐம்பதும் நிற்கும். மனிதர் நிற்கும் ஸ்டேஷனில் ஒரு போல்ட் சற்றுக் கோணலாக வந்தால் அவர் கையால் திருப்பிப் போட்டுக்கொள்வார். ரோபோ எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும். 2018 ஏப்ரலில் மஸ்க்கே, தானியங்கி முறையை அளவுக்கு மீறிக் கொண்டுபோனது தன் தவறு என்றும் மனிதரின் மதிப்பைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம் என்றும் எழுதினார்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒரு கண்ணாடியிழைப் பாய். பேட்டரி பேக்கின் மேல் ஒட்டுவதற்கு மெத்தென்ற பாய்களை வைத்திருந்தார்கள். வளைந்து நெளியும் அந்தப் பாயை ரோபோவால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. பேக் லைன் அங்கே திரும்பத் திரும்ப நின்றது. ரோபோவைச் சரிசெய்தார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், பசையைக் குறைத்தார்கள். கடைசியில்தான் இந்தப் பாய் எதற்கு என்று கேட்டார்கள். பேட்டரிப் பாதுகாப்புக் குழு, சத்தத்தையும் அதிர்வையும் குறைக்க என்றது. சத்தம் பார்க்கும் குழு, தீப் பாதுகாப்புக்காக என்றது. பாய் இருக்கும் கார் ஒன்று, இல்லாத கார் ஒன்று, இரண்டிலும் ஒலிவாங்கி வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பாயையே நீக்கினார்கள். அந்த ஸ்டேஷனை வேகப்படுத்தச் செலவான நாட்களும் பணமும் போனது போனதுதான். உங்கள் பட்டறையில் ஒரு வேலை இழுத்தடிக்கிறது என்றால் அதை வேகமாகச் செய்வது எப்படி என்று யோசிக்கும் முன், வரைபடத்தில் அந்த வேலையை எழுதியவரைக் கூப்பிட்டு எதற்கு என்று கேளுங்கள்.

2018 ஜூனில் ஆலைக் கட்டடத்துக்கு வெளியே பெரிய கூடாரம் போட்டு, சுமார் மூன்று வாரத்தில் அதற்குள் இன்னொரு அசெம்பிளி லைன் அமைத்தார்கள். ஆட்கள் அதிகம், ரோபோ குறைவு. அந்தக் காலாண்டின் கடைசி ஏழு நாட்களில் 5,031 மாடல் 3 கார்கள் வந்தன. நீண்ட ஷிஃப்டுகளில் உழைத்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமையில் பெரும்பங்கு என்பேன். அதே ஃபிரிமான்ட் கட்டடம் 1984 முதல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய ஆலை, 2010இல் மூடப்பட்டது. கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற முறை அங்கே நடந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் வண்டிகள் அங்கிருந்து வெளியே போயிருக்கின்றன.

டெஸ்லா புதிய கம்பெனி. நூறு வருடப் பழைய கம்பெனிகள் இதைப் பார்த்துப் பாடம் கற்றிருக்குமே?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

ஜெனரல் மோட்டார்ஸ் 2023 ஜூலையில் தன் புதிய மின்கார்கள் தாமதமாவதற்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பேட்டரி மாட்யூல் கோக்கும் தானியங்கிக் கருவிகளைத் தரவேண்டிய நிறுவனம் தாமதம் செய்கிறது என்பது. அவர்கள் செய்த சமாளிப்பும் அதேதான்: கையால் கோக்கும் லைன்களைச் சேர்த்தார்கள், தங்கள் பொறியாளர்களையே அந்தக் கருவி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் கார் கட்டும் அனுபவம் நிறைய. அந்த அளவில், அந்த வேகத்தில் மாட்யூல் கட்டும் அனுபவம் இல்லை. அனுபவம் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தானாகத் தாவாது.

எங்கள் லைனில் உற்பத்தி குறைந்தால் பிரஸ் ஷாப் வெல்டிங்கைக் குறை சொல்லும், வெல்டிங் பெயின்டிங்கைக் குறை சொல்லும். அடைப்பு எங்கே என்று நிச்சயமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் சூப்பர்வைசர்

உண்டு அம்மா. கணினித் திரையை மூடிவிட்டு ஒரு ஷிஃப்ட் முழுக்க லைன் ஓரமாக நடங்கள். எந்த ஸ்டேஷனுக்கு முன்னால் பொருள் குவிந்து கிடக்கிறதோ, அதற்கு அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரோ, அங்கேதான். உணவு இடைவேளைக்கு முன்னும் பின்னும் பாருங்கள், இரவு ஷிஃப்டிலும் ஒருமுறை பாருங்கள். பகலில் ஓரிடம், இரவில் வேறிடம் என்று மாறினால் அங்கே இயந்திரத்தைவிட ஆள் ஒதுக்கீட்டில் கோளாறு இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிரஸ் ஷாப்பும் அசெம்பிளியும் மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. புதிய பிரஸ் வாங்க வேண்டும் என்று கோப்பு மேலே போய்விட்டது. அசெம்பிளியில் நின்ற ஒரு பெண்மணி என்னிடம், "பிரஸ்ல பொருள் ரெடியாத்தான் சார் இருக்கு. காலி டிராலி திரும்பிப் போகமாட்டேங்குது, அவங்க எதுல ஏத்தி அனுப்புவாங்க?" என்றார். போய்ப் பார்த்தால் காலி டிராலிகள் அசெம்பிளியின் பின்பக்கம் வரிசையாக நின்றன, திருப்பி அனுப்புவது யார் வேலை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஷிஃப்டுக்கு ஓர் ஆளை அதற்கென்றே போட்டோம். பிரஸ் வாங்கும் கோப்பு திரும்பி வந்துவிட்டது.

லைனில் நிற்பவர்களைக் கேட்காமல் அடைப்பைத் தேடுவது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். அவர்கள் நாள் முழுக்க அதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.

ஒரே வரியில் பதில் வேண்டும்: அடைப்பு உள்ள ஸ்டேஷனில் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ராணிப்பேட்டை வாசகர்

அந்த ஸ்டேஷன் டீ நேரத்திலும் நிற்காதபடி மாற்று ஆள் போடுங்கள், அப்புறம் மற்றவை.

ஐரோப்பாவில் நார்த்வோல்ட் என்ற பேட்டரி நிறுவனம் திவாலானதாகப் படித்தேன். ஆர்டர் இருந்தது, பணம் இருந்தது, ஆலையும் இருந்தது. அப்புறம் எப்படி?
– திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

ஐயா, நீங்கள் வேதியியல் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் புரியும். மாட்யூல் கோப்பது பொறியியல். செல் செய்வது பாதி சமையல், பாதி ஆய்வுக்கூடம்.

நார்த்வோல்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் கார்ல்சன் டெஸ்லாவில் கொள்முதல் பிரிவின் தலைவராக இருந்தவர். ஸ்வீடனின் வடக்கே ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஆலை. 2021 டிசம்பர் கடைசியில் முதல் செல் வந்தது. ஆண்டுக்கு மொத்தம் 16 கிகாவாட்-மணி மின்சாரத்தைச் சேமிக்கும் அளவுக்குச் செல் செய்யும் கொள்திறன் என்று அறிவித்திருந்தார்கள். வந்த உற்பத்தி அதில் மிகச் சிறு பங்குதான். 2024இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டார்கள், 2025 மார்ச் 12 அன்று ஸ்வீடனில் திவால்.

செல் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மின்முனைப் பொடியைக் கரைப்பானில் கலந்து இட்லி மாவு பதத்தில் குழம்பாக்குகிறார்கள். அதை நம் தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் பூசுகிறார்கள். பல பத்து மீட்டர் நீளமுள்ள அடுப்புக்குள் அந்தத் தகடு ஓடிக் காய்கிறது. உருளைகளுக்கிடையில் அழுத்துகிறார்கள், நாடாவாக வெட்டுகிறார்கள், சுருட்டி உறைக்குள் இறக்குகிறார்கள், மின்பகுளியை ஊற்றி மூடுகிறார்கள். ஈரப்பதம் அறவே ஆகாது. லித்தியம் உப்பு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உண்டாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த அறையின் காற்று பாலைவனக் காற்றைவிடப் பல மடங்கு வறண்டிருக்க வேண்டும். வேலை செய்பவரின் மூச்சுக்காற்றின் ஈரத்தைக்கூடக் கணக்கில் எடுத்து, அறைக்குள் இத்தனை பேர்தான் என்று வரையறுப்பார்கள். இதையே சென்னையின் நவம்பர் மாதத்துப் புழுக்கத்தில் செய்ய எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா தன் செல் ஆலையை வைத்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் தினமும் இந்த ஈரத்தோடு போராடுகிறவர்கள். என் மனதில் அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, அடைப்பு எங்கே? மூடிய செல்லை முதல்முறை மெதுவாக மின்னேற்ற வேண்டும். பிறகு நாட்கணக்கில், சில வகைகளுக்கு வாரக்கணக்கில், அலமாரியில் வைத்து மின்னழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்ட செல் தன்னைக் காட்டிக்கொள்வது அங்கேதான். அதாவது இன்று காலை பூச்சு ஒரு மயிரிழை தடித்துவிட்டது என்றால் அது தெரியவருவது இரண்டு வாரம் கழித்து. அதற்குள் அதே பூச்சில் லட்சக்கணக்கான செல்கள் மூடப்பட்டிருக்கும். அவ்வளவும் ஸ்கிராப். கார் பாகத் தொழிலில் பத்து நிமிடத்தில் தெரியும் தவறு இங்கே பதினைந்து நாள் கழித்துத் தெரிகிறது. கற்றுக்கொள்ளும் வேகமும் அதே அளவுக்குக் குறையும். அடுத்தடுத்த 20 கட்டங்களில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 99 சரியாக வந்தாலும் கடைசியில் தேறுவது 82தான். அந்த 18 சதவீத மூலப்பொருள் காசு உங்கள் லாபத்தை முழுதாக விழுங்கிவிடும்.

கொரிய, ஜப்பானிய, சீன நிறுவனங்கள் முதலில் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் சிறிய செல்களைச் செய்து பல ஆண்டுகள் ஸ்கிராப் போட்டுக் கற்றவை. நார்த்வோல்ட் அந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தது. ஒரே நேரத்தில் பல நாடுகளில் ஆலைத் திட்டம், சொந்தமாக மூலப்பொருள், மறுசுழற்சி என்று விரித்தது. முதல் ஆலையில் நல்ல செல் விகிதம் நிலைபெறும் வரை இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காந்தத் தட்டுப்பாட்டால் மின்வண்டி உற்பத்தி குறைந்ததாகச் செய்தி வந்தது. எங்கள் மணவாளக்குறிச்சி மணலிலேயே அந்தத் தாது இருக்கிறதே?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் மணலிலிருந்து மோனசைட் என்ற தாதுவைப் பிரிக்கிறது. மோனசைட்டில் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் இருக்கிறது. தோரியமும் இருப்பதால் அது அணுசக்தித் துறையின் கண்காணிப்பில் உள்ள பொருள். ஆனால் தாதுக்கும் காந்தத்துக்கும் நடுவில் தூரம் அதிகம். தாதிலிருந்து ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனி ஆக்சைடாகப் பிரிக்க வேண்டும், ஆக்சைடை உலோகமாக்க வேண்டும், இரும்பும் போரானும் சேர்த்துக் கலப்புலோகமாக்க வேண்டும், பொடித்து, காந்தப் புலத்தில் அழுத்தி, சுட்டெடுக்க வேண்டும். மோட்டார் சூடானாலும் காந்தம் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்ப்பார்கள். உலகக் காந்த உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரல் 4 அன்று அந்த நாடு இந்த இரண்டையும் சேர்த்து ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. காந்தங்களும் அதில் அடங்கும். ஆகஸ்டில் மின்ஸ்கூட்டர் உற்பத்தி முழுவதுமே நின்றுபோகலாம் என்று பஜாஜ் ஆட்டோ வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது.

ஒரு கார் மோட்டாரில் காந்தம் ஒன்றிரண்டு கிலோதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு கிலோ இல்லாமல் ஒன்றரை டன் கார் லைனைவிட்டு இறங்காது. காந்தமே இல்லாமல் செம்புச் சுருளால் இயங்கும் மோட்டாரை ரெனோவும் பிஎம்டபிள்யூவும் கார்களில் போட்டிருக்கின்றன. நடக்கும் விஷயம்தான், ஆனால் மோட்டாரை மாற்றினால் அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுவையும் சோதனைகளையும் மாற்ற வேண்டும், அது ஒரு மாதத்தில் ஆகாது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய முடிவு. உங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள் மணல் எடுப்பது பற்றி எழுப்பும் கதிர்வீச்சுக் கேள்விகளுக்கும் அதே அக்கறையோடு பதில் வர வேண்டும். மணலும் அவர்கள் ஊரில்தானே இருக்கிறது.

எங்கள் ஊரில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 50,000 கார் என்கிறார்கள். என் மகன் டிப்ளமா முடிக்கப்போகிறான். அந்த எண்ணிக்கையை நம்பலாமா? அவன் என்ன படித்தால் நல்லது?
– தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய்

2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4 அன்று திறப்பு. சிப்காட் பகுதியில் 400 ஏக்கரில் இவ்வளவு விரைவாக ஓர் ஆலை எழுந்தது உங்கள் ஊருக்குப் பெருமை. ஆனால் 50,000 என்பது கொள்திறன், அதாவது எல்லாம் சரியாக ஓடினால் வரக்கூடிய எண்ணிக்கை. எந்தப் புதிய ஆலையிலும் முதல் ஆண்டு உற்பத்தி அதைத் தொடாது, தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆட்கள் பழக வேண்டும், பாகம் தருபவர்கள் பழக வேண்டும், கார் விற்கவும் வேண்டும். அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தால் ஆலை தோற்றுவிட்டது என்று நினைத்துப் பயப்படாதீர்கள். மாதாமாதம் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

மகன் எந்தப் பிரிவில் டிப்ளமா என்று எழுதவில்லை. எலெக்ட்ரிக்கல் அல்லது மெக்கட்ரானிக்ஸ் என்றால் பிஎல்சி நிரல் எழுதவும், முக்கியமாகப் பிறர் எழுதிய நிரலைப் படித்துக் கோளாறு கண்டுபிடிக்கவும் பழகட்டும். மெக்கானிக்கல் என்றால் லேசர் வெல்டிங், கசிவுச் சோதனை, அளவீடு. எந்தப் பிரிவாக இருந்தாலும் உயர் மின்னழுத்தப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். கார் பேட்டரி பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல், தவறித் தொட்டால் உயிர் போகும். காப்புக் கையுறையை ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன்னால் ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது முதல் வருடம் மெயின்டனன்ஸ் பிரிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அசெம்பிளியில் ஒரு ஸ்டேஷனைத்தான் பார்ப்பான். மெயின்டனன்ஸில் இருந்தால் லைன் எங்கே நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், ஒரு வருடத்தில் முழு ஆலையும் பழகிவிடும். ஷிஃப்ட் நேரம் கடினம்தான், இரவு வேலை இருக்கும். வேலை உத்தரவில் அப்ரன்டிஸ் என்று இருக்கிறதா, நிரந்தரப் பயிற்சி வேலை என்று இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். அப்ரன்டிஸ் என்றால் காலம் முடிந்ததும் வேலை உறுதி கிடையாது. அவன் எந்தப் பிரிவு, மதிப்பெண் எப்படி என்று எழுதுங்கள், எந்தப் பயிற்சி நிலையம் பொருத்தம் என்று விசாரித்து நேரடியாகவே பதில் போடுகிறேன்.